‘பைபார்டிசன்’ என்றால் கூட்டணியா? வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வி

ரோஸ் ஹில் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகத் தவிக்கிறேன். தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

மொரீஷியஸில், சனிக்கிழமை மதியம் எங்கள் கோவில் மண்டபத்தில் பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான். தேவாரமும் பழமொழியும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் தமிழ் என்பது கோவிலுக்குள் பேசும் மொழி என்று நினைத்துவிடுவார்கள். அதனால் செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தி எடுத்துக்கொடுத்து, தமிழில் எழுதச் சொல்வேன். போன வாரம் கொடுத்தது அமெரிக்காவில் 2021-இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டத்தைப் பற்றியது. சாலை, பாலம், ரயில், குடிநீர்க் குழாய் எல்லாம் அதில் அடக்கம். முதல் வரியிலேயே ‘பைபார்டிசன்’ நின்றது.

நான் அவசரத்தில் பலகையில் ‘இருகட்சிக் கூட்டணிச் சட்டம்’ என்று எழுதிவிட்டேன். முன்வரிசையில் உட்காரும் பெண் அதை நோட்டில் எழுதினாள். எழுதி முடித்தும் பேனாவை எடுக்கவில்லை, ‘கூட்டணி’ மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: “டீச்சர், அப்படியென்றால் அந்த இரண்டு கட்சியும் அடுத்த தேர்தலில் சேர்ந்து நிற்குமா? முதலில் யார் பிரதமர்?”

அமெரிக்காவில் பிரதமரே கிடையாது என்று திருத்தினேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். நம் ஊரில் வளரும் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? தேர்தல் வருகிறது என்றாலே ‘கோஸ் கோஸே’, அதாவது கட்சிகளுக்குள் பேரப் பேச்சு, நடக்கிறதா என்றுதான் ரேடியோவில் முதல் பேச்சு. யாருக்கு எத்தனை டிக்கெட், யார் எந்த அமைச்சர் என்று பேசி முடித்த பிறகுதான் கூட்டணியின் பெயரே வெளியில் வரும். முதல் மூன்று வருடம் அனிருத் ஜக்நாத், அடுத்த இரண்டு வருடம் போல் பெராஞ்ஜே என்று 2000-இல் ஒப்பந்தம் போட்டு, 2003 செப்டம்பரில் சொன்னபடி கைமாற்றிக்கொண்டதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. ‘கூட்டணி’ என்று நான் எழுதியதும் அவள் மனதில் அந்தப் படம்தான் வந்தது. தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது.

வகுப்பு முடிந்து பையனை அழைத்துப்போக வந்த ஒரு அப்பா பலகையைப் பார்த்துவிட்டு, “இது நம் ‘ட்ரிபார்டிட்’ மாதிரிதானே?” என்றார். அவர் தொழிற்சங்கத்தில் இருப்பவர். வருடா வருடம் சம்பள ஈட்டுத்தொகைக்காக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் உட்காருகிற பேச்சு அவருக்கு நன்றாகத் தெரியும். அதுவும் இல்லை என்று மட்டும் தெரிந்தது. எது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தமிழ் எண்கூட இருக்கிறது. அந்த நோட்டை வெளியிடுகிற நாட்டின் அரசியலைத் தமிழில் பேச நம் பிள்ளைகளுக்குச் சரியான சொல்லைக் கொடுக்க வேண்டாமா? இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படி எழுதுவது? ‘இருகட்சி ஆட்சி’ என்றும் ஓர் இடத்தில் பார்த்தேன். அது சரியா?


பழைய அச்சுக்காரர், போர்ட் லூயி:

டீச்சரம்மா, பலகையில் எழுதியதை அழித்துவிடுங்கள். ‘கூட்டணி’ வேண்டாம். ‘இருகட்சி ஆட்சி’ அதைவிட மோசம்.

கூட்டணி என்பது ஆட்சிக்காகச் சேர்வது. வாக்குப்பதிவுக்கு முன்பும் சேரலாம், பிறகும் சேரலாம். 1976 டிசம்பர் தேர்தல் முடிவை எழுத்து எழுத்தாகக் கோத்தவன் நான். எம்.எம்.எம். கட்சி 34, லேபர் கட்சி தலைமையிலான சுதந்திரக் கட்சி 28, பி.எம்.எஸ்.டி. கட்சி 8. மொத்தம் 70. அதிக இடம் பிடித்தது எம்.எம்.எம்.தான். ஆனால் 28-உம் 8-உம் சேர்ந்து 36 ஆயிற்று, ஆட்சி அந்தப் பக்கம் போனது. அதுதான் கூட்டணி அரசு. சேர்ந்தவர்கள் ஒரே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எம்.எம்.எம். எதிரே உட்கார்ந்தது.

பைபார்டிசன் என்றால் யாரும் நாற்காலி மாறுவதில்லை. ஆளுங்கட்சி ஆளுங்கட்சியாகவே இருக்கும், எதிர்க்கட்சி எதிர்க்கட்சியாகவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் கை தூக்குவார்கள். மறுநாள் காலையில் பழையபடி சண்டை. அமைச்சர் பதவி பங்கு கிடையாது, அடுத்த தேர்தலுக்கு வாக்குறுதி கிடையாது.

இது ஏன் அங்கே இவ்வளவு புழங்குகிறது என்று பிள்ளைகளுக்கு ஓர் எண்ணை வைத்தே சொல்லலாம். நமக்கு 60 என்றால் என்ன? ‘ஸ்வாசாந்த் ஸெரோ’. 1982, 1995, 2024 என்று மூன்று முறை தீவின் 60 இடமும் ஒரே பக்கம் விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். அப்படி ஜெயித்தவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் கையேந்த வேண்டிய வேலையே இல்லை. அமெரிக்க மேலவையான செனட்டில் 100 பேர். அங்கேயும் 60-தான் கணக்கு, ஆனால் அர்த்தம் நேர் எதிர். பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். 2021-இல் செனட் 50-க்கு 50. ஜனநாயகக் கட்சியினர் ஐம்பது பேரும் ஒன்றாக நின்றாலும் இன்னும் பத்துப் பேரை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவர வேண்டும். உங்கள் உள்கட்டமைப்புச் சட்டம் ஆகஸ்டில் 69-க்கு 30 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து 19 பேர் வாக்களித்தார்கள். அந்த 19-தான் ‘பைபார்டிசன்’ என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது.

இதைவிட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1964 குடிமை உரிமைச் சட்டம். கறுப்பின மக்களை ஹோட்டலிலும் வேலையிலும் ஒதுக்கக்கூடாது என்ற சட்டம். அப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 67 பேர், குடியரசுக் கட்சிக்கு 33 பேர். 67 இருந்தும் போதவில்லை. தெற்கு மாநிலங்களைச் சேர்ந்த சொந்தக் கட்சிக்காரர்களே எழுந்து நின்று நாள்கணக்கில் பேசி மசோதாவை முடக்கினார்கள். அறுபது வேலை நாள் போயிற்று. எவரெட் டர்க்சன் என்ற குடியரசுக் கட்சித் தலைவர் தன் ஆட்களைத் திரட்டிக் கொடுத்த பிறகுதான் ஜூன் 10-ஆம் தேதி விவாதத்தை முடிக்க 71 வாக்கு கிடைத்தது. 44 பேர் ஜனநாயகக் கட்சி, 27 பேர் குடியரசுக் கட்சி. இறுதி வாக்கெடுப்பு 73-க்கு 27. இதில் யார் யாரோடு கூட்டணி? ஒருவரும் இல்லை. அதே வருடம் நவம்பரில் இரண்டு கட்சியும் எதிரெதிராக அதிபர் தேர்தலில் நின்றன.

அப்புறம் தமிழ். ‘இருகட்சி முறை’ என்பது நாட்டில் இரண்டு பெரிய கட்சிதான் என்ற நிலைமையைக் குறிக்கும். பிரெஞ்சில் ‘பிபார்டிஸ்ம்’ என்பதும் அதுதான். நம் ஆட்கள் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போவதால் இந்த இடத்தில் தவறிவிடுவார்கள். உங்கள் தொழிற்சங்கத்து அப்பா சொன்ன வகைச் சொல் இன்னும் வேறு. அங்கே ‘பார்டி’ என்பது பேச்சில் உட்காரும் தரப்பு. அரசியல் கட்சி இல்லை. ‘இருதரப்பு’, ‘முத்தரப்பு’ என்று தமிழில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது, அதை அதற்கே விட்டுவிடலாம். ‘கூட்டாட்சி’ பக்கம் போகவே வேண்டாம். அது மாநிலமும் நடுவண் அரசும் அதிகாரத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. அச்சகத்தில் நான் அதிகம் திருத்திய சொல் அதுதான்.

என் பரிந்துரை, ஒற்றைச் சொல்லைத் தேடாதீர்கள். சட்டம் என்றால் ‘இரு கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறிய சட்டம்’. குழு என்றால் ‘இரு கட்சியினரும் அடங்கிய குழு’. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தில் இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் இருந்தார்கள். அங்கே ‘ஆதரவு’ என்று எழுதினால் பொருந்தாது.


காத்ர் போர்ன் தம்பி:

ஐயா சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘இரு கட்சிகளின் ஆதரவோடு’ என்று எழுதினால் உண்மை கொஞ்சம் மாறிவிடுகிறது. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 50 பேர். 19 பேர் ஆதரித்தார்கள், 30 பேர் எதிர்த்தார்கள். அதாவது கட்சியில் பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கீழவையில் இன்னும் குறைவு, நவம்பரில் 228-க்கு 206, அதில் குடியரசுக் கட்சியினர் 13 பேர்தான். கட்சி ஆதரித்தது என்று எப்படி எழுதுவது? ‘இரு கட்சி உறுப்பினர்களின் ஆதரவோடு’ என்று எழுதினால்தான் சரியாக இருக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் எதிர்ப்பக்கத்தோடு சேர்ந்து வாக்களித்தால் மறுநாள் பேப்பரில் ‘ட்ரான்ஸ்ஃப்யூஜ்’, தெருவில் ‘விர் மாம்’. இரண்டுக்கும் கட்சித் தாவி என்றுதான் அர்த்தம். கட்சியில் இருந்துகொண்டே, கட்சியை விட்டுப் போகாமல், ஒரு மசோதாவுக்கு மட்டும் மாறி வாக்களிக்கலாம் என்பதே நம் பிள்ளைகளுக்குப் புதிது. டீச்சர் அதை வகுப்பில் கட்டாயம் சொல்லவேண்டும். கட்சி மாறுவது வேறு, வாக்கு மாறுவது வேறு.


டர்பன் வாசகி:

டீச்சர் அக்கா, எங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். எங்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

2024 மே 29 தேர்தலில் ஆளுங்கட்சியான ஏ.என்.சி.க்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 400-இல் 159 இடம்தான் கிடைத்தது. 1994-க்குப் பிறகு பெரும்பான்மை போனது அதுவே முதல் தடவை. 87 இடம் வைத்திருந்த டி.ஏ. (ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சி) உட்படப் பல கட்சிகள் சேர்ந்து அரசு அமைத்தன. அதற்கு வைத்த பெயர் ‘தேசிய ஒற்றுமை அரசு’. பெயரைக் கேட்டால் எதிரிகள் நாட்டுக்காகக் கைகோத்த மாதிரி இருக்கும். என் மாமனார்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அமைச்சர் பதவியைப் பங்குபோட்டுக்கொண்டார்கள், டி.ஏ. தலைவரே விவசாய அமைச்சர் ஆனார். ஆக, அது கூட்டணிதான்.

வேடிக்கை என்னவென்றால் 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி பட்ஜெட்டின் நிதிக் கட்டமைப்பு வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாட் வரியை ஏற்றக்கூடாது என்று டி.ஏ. எதிர்த்து வாக்களித்தது. அரசுக்கு உள்ளேயே இருந்துகொண்டு! 194-க்கு 182 என்று தப்பித்தது, அதுவும் அரசில் இல்லாத ஆக்‌ஷன் எஸ்.ஏ. போன்ற கட்சிகள் கைகொடுத்ததால். அந்த மாதக் கடைசியிலேயே வரி ஏற்றத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் எதிரிகள் ஒன்றாக வாக்களித்தார்கள், இங்கே கூட்டாளிகள் பிரிந்து வாக்களித்தார்கள். வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள் அக்கா, ஒரு தரத்தில் புரிந்துவிடும்.

உண்மையான இரண்டு எதிரிகளின் ஒத்துழைப்பு வேண்டுமென்றால் 1992, 1993-க்குப் போகவேண்டும். புதிய அரசமைப்புக்கான பேச்சில் இருபதுக்கு மேற்பட்ட தரப்புகள் இருந்தன. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருந்தால் எதுவும் நகராது. அதனால் ‘போதுமான இணக்கம்’ என்று ஒரு விதி வைத்தார்கள். நடைமுறையில் அதன் அர்த்தம், ஏ.என்.சி.யும் தேசியக் கட்சியும் ஒத்துக்கொண்டால் மேலே போகலாம் என்பதுதான். சிறிய கட்சிகளுக்கு அது மனத்தாங்கல். இரண்டு பெரிய கட்சிகள் ஒத்துப்போவது எல்லோருக்கும் நல்லதாகவே முடியும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். செய்தியில் இந்தச் சொல்லை எப்போதும் பாராட்டாகவே எழுதுகிறார்கள்.


ரோஸ் ஹில் டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அச்சுக்கார ஐயா, அந்த 60 கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தம்பி சொன்ன ‘உறுப்பினர்’ திருத்தமும் சரி.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா ‘சூரியன்’ சின்னத்து எம்.எஸ்.எம். கட்சி, சித்தப்பா ‘சாவி’ சின்னத்து லேபர் கட்சி. 1991 தேர்தல் சமயத்தில் வாசலில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டார்கள், அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஒரே முற்றம், இரண்டு வீடு. தம்பிக்குப் பாட்டி மூலமாகத்தான் அப்பா தகவல் அனுப்புவார். 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் வந்து கோவில் மண்டபத்தின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நான் இப்போது வகுப்பு எடுக்கிற அதே மண்டபம். எனக்குப் பதினோரு வயது. கீழே நின்று ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் சித்தப்பா. தகரத்தை ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்க வேண்டும், தனியாக முடியாது. நாள் முழுக்க அவர்கள் பேசியது “பிடி”, “கொஞ்சம் இடது”, “ஆணி” இவ்வளவுதான். சாயங்காலம் கூரை முடிந்தது. இறங்கி, கை கழுவி, இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

அடுத்த வருடம் டிசம்பரில் 60-0 வந்த இரவு சித்தப்பா எங்கள் ஜன்னலுக்கு எதிரே பட்டாசுச் சரம் கொளுத்தினார். அப்பா வெளியே வரவே இல்லை.

அவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று பாட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, அது சமாதானம் இல்லை. கூரை போட்டார்கள், அவ்வளவுதான். அதற்காக யாரும் கட்சி மாறவில்லை. பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். கூரையை அவர்கள் தலைக்கு மேலேயே காட்டலாம்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். நம் ஊர் அரசியலிலிருந்து எடுத்துக்காட்டு கேட்பார்கள். பிரிட்டனிடமிருந்து நாம் திரும்பக் கேட்ட சாகோஸ் தீவுகளின் பிரச்சினையைச் சொல்லலாமா?

பலகையில் எழுதப்போகும் வாக்கியமும் இதோ: ‘குடியரசு கட்சியைச் சேர்ந்த 19 பேரும் சேர்ந்து வாக்களித்ததால், இரு கட்சி உறுப்பினர்களின் ஆதரவோடு செனட்டில் நிறைவேறிய சட்டம்.’


பழைய அச்சுக்காரர், போர்ட் லூயி:

சாகோஸைச் சொல்லலாம், ஆனால் பார்த்துச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சொல் வெளியுறவுக் கொள்கையிலும் நிறையப் புழங்கியது. 1948-இல் அதிபர் ட்ரூமன் ஜனநாயகக் கட்சி. செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் ஆர்தர் வாண்டன்பர்க் குடியரசுக் கட்சி. ஐரோப்பாவைத் தூக்கிவிடும் மார்ஷல் திட்டத்தை அவர்தான் செனட்டில் நிறைவேற்றிக்கொடுத்தார். வெளிநாட்டு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒரே குரலில் பேசவேண்டும் என்ற எண்ணம்.

சாகோஸில் நம்முடையது அந்த வகை. சாகோஸைச் சுற்றி பிரிட்டன் அறிவித்த கடல் பாதுகாப்புப் பகுதியை எதிர்த்து 2010 டிசம்பரில் வழக்குப் போட்டது நவீன் ராம்கூலம் அரசு. 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது ஆட்சியில் இருந்தது அனிருத் ஜக்நாத். அவர் அதைக் கைவிடவில்லை, மேலே கொண்டுபோனார். 2019 பிப்ரவரி 25-இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னபோது பிரதமர் பிரவிந்த் ஜக்நாத். 2024 அக்டோபர் 3-இல் பிரிட்டனோடு அவர் கூட்டறிக்கை விட்டார். அடுத்த மாதம் தேர்தலில் தோற்றார். திரும்ப வந்த ராம்கூலம் அந்த ஏற்பாடு போதாது என்று மறுபடி பேசி, 2025 மே 22-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. தீவுகள் நம்முடையவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த நிபந்தனையில் என்பதில் கடும் சண்டை. அதனால் ‘ஆட்சி மாறினாலும் மாறாத கோரிக்கை’ என்று எழுதுங்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து செய்தது என்று எழுதாதீர்கள். சேர்ந்து செய்யவில்லை, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார்.

உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் ஒரே தகரத்தைப் பிடித்தார்கள். அது இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு டீச்சரம்மா. அதையே முதலில் சொல்லுங்கள்.

வாக்கியம் நன்றாக இருக்கிறது. ‘குடியரசுக் கட்சி’யில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருக்கிறது, பலகையில் போட்டுவிடுங்கள்.